மெமரி திரும்பிவிட்டது, நெட்வொர்க் திரும்பவில்லை

லினக்ஸ் நெட்வொர்க் டிரைவர்களில் திரும்பத் திரும்பத் தலைகாட்டும் ஒரு பிழை இது. லோடு ஏறும்போது மெமரி கொஞ்ச நேரம் இறுகும். டிமெசெக்கில் (கெர்னலின் செய்திப் பதிவு) ‘பேஜ் அலோகேஷன் ஃபெயிலியர், ஆர்டர் 2’ என்று ஒரு வரி விழும். கேட்ட மெமரிப் பக்கங்கள் கிடைக்கவில்லை என்று பொருள். சற்று நேரத்தில் மெமரி தாராளமாகிவிடும். ஆனால் அதற்குப் பிறகு அந்த இன்டர்ஃபேஸுக்குள் ஒரு பாக்கெட்கூட வராது. லிங்க் அப் என்றே காட்டும், வெளியே அனுப்புவதும் நடக்கும். இன்டர்ஃபேஸை டவுன் செய்து மறுபடி அப் செய்தால் சரியாகிவிடும்.

தரமணி, ஓஎம்ஆர் பக்கம் ரௌட்டருக்கும் கேமரா போர்டுக்கும் டிரைவர் எழுதுகிறவர்களுக்கு இந்த வரி பழக்கமானதுதான். பார்த்ததும் பலர் முதலில் கைவைப்பது மின் ஃப்ரீ கேபைட்ஸ் என்ற, கெர்னல் காலியாக வைத்திருக்க முயலும் மெமரியின் அளவில். அதை ஏற்றினால் பிழை அபூர்வமாகும், போகாது. சோதனைக் கூடத்தில் மறைந்து, வாடிக்கையாளர் வீட்டில் வெளிப்படும் என்பதால் பிழை இன்னும் மோசமாகிறது என்றே சொல்வேன்.

பாக்கெட்டை வாங்கும் வேலை நேப்பி போல் ஃபங்ஷனில் (வந்த பாக்கெட்டுகளைக் கொத்தாக எடுக்க கெர்னல் அழைப்பது), இன்டரப்டை அடுத்து ஓடும் சாஃப்ட் ஐஆர்க்யூ சூழலில் நடக்கிறது. அங்கே தூங்கக் கூடாது, அதாவது எதற்காகவும் காத்து நிற்கக் கூடாது. அதனால் மெமரியைக் காத்திருந்து வாங்கும் ஜிஎஃப்பி கெர்னல் என்று கேட்க முடியாது, ஜிஎஃப்பி அட்டாமிக் என்றுதான் கேட்க வேண்டும். அட்டாமிக் காத்திருக்காது. காலிப் பக்கம் இருந்தால் தரும், அவசர இருப்பிலும் கொஞ்சம் எடுக்கும், அதுவும் இல்லையென்றால் நல் (வெற்று விடை) திருப்பிவிடும். ஆகவே இந்த இடத்தில் அலோகேஷன் தோற்பது இயல்பான நிகழ்ச்சி. அது தோற்கும் என்று வைத்துக்கொண்டே டிரைவரை எழுத வேண்டும்.

ஆர்எக்ஸ் ரிங்கில் (உள்ளே வரும் பாக்கெட்டுகளுக்கான வட்ட வரிசை) 256 டிஸ்கிரிப்டர்கள் (அந்த வரிசையின் இடங்கள்) இருப்பதாகக் கொள்வோம். ஒவ்வொன்றிலும் ஒரு பஃபர். கார்டு பாக்கெட்டை அதில் எழுதும், டிரைவர் அந்த பஃபரை மேலே நெட்வொர்க் ஸ்டாக்குக்குக் கொடுத்துவிட்டுப் புதியதை வைக்கும். பிழையுள்ள டிரைவர் பழையதை முதலில் கொடுத்துவிட்டு, அதன்பின் புதியதைக் கேட்கிறது. கிடைக்காவிட்டால் அந்த இடம் காலியாகவே நிற்கிறது. அடுத்த போலில் நிரப்பிக்கொள்ளலாம் என்பது கணக்கு. ஆனால் அடுத்த போல் வர இன்டரப்ட் வேண்டும், இன்டரப்ட் வர பாக்கெட் வேண்டும், பாக்கெட் இறங்க பஃபர் வேண்டும். 256 இடமும் காலியாகிவிட்டால் நிரப்பச் சொல்ல யாருமே இல்லை. சந்தேகம் இருந்தால் ப்ராக் இன்டரப்ட்ஸ் கோப்பில் அந்தக் கார்டுக்கான வரியின் எண் நகர்கிறதா என்று பாருங்கள். அது உறைந்து நிற்க, ஈத்டூல் புள்ளிவிவரத்தில் பஃபர் இல்லாமல் தவறவிட்ட பாக்கெட்டுகளின் எண்ணிக்கை மட்டும் ஏறினால் இதே பிழைதான். கவுன்ட்டரின் பெயர் டிரைவருக்கு டிரைவர் மாறும்.

திருத்தம், வரிசையை மாற்றுவது. முதலில் புதிய பஃபரைக் கேளுங்கள். கிடைத்தால் டிஎம்ஏ மேப் செய்து (கார்டு நேரடியாக எழுதும் முகவரி கொடுத்து), மேப்பிங் எர்ரரையும் சோதியுங்கள். அங்கே தோற்றால் புதிய பஃபரை விடுவிக்க மறக்க வேண்டாம், லீக் பெரும்பாலும் அந்தச் சந்தில்தான் ஒளிந்திருக்கும். இரண்டும் தேறிய பிறகே பழையதை அன்மேப் செய்து மேலே அனுப்ப வேண்டும். ஏதாவது ஒன்று தோற்றால் அந்த பாக்கெட்டைக் கைவிட்டு, ஆர்எக்ஸ் டிராப்ட் கவுன்ட்டரை ஏற்றி, பழைய பஃபரை டிவைஸுக்கு சிங்க் செய்து அதே இடத்தில் திரும்ப வையுங்கள். ஒரு பாக்கெட் போவதை டிசிபி பார்த்துக்கொள்ளும். ரிங்கில் ஓட்டை விழுந்தால் பார்த்துக்கொள்ள ஆளில்லை.

இதில் இரண்டு கண்ணிகள் உண்டு. பாக்கெட் பல டிஸ்கிரிப்டர்களில் பரவியிருந்தால், கடைசித் துண்டு வரை எல்லாவற்றையும் கைவிட வேண்டும், இல்லையென்றால் பாதி பாக்கெட் மேலே போகும். மற்றொன்று, டிஸ்கிரிப்டரைக் கார்டிடம் ஒப்படைக்கும் ஓன் பிட்டை எழுதும் முன், அதற்கு முந்தைய எழுதல்கள் பின்தங்காமல் காக்கும் டிஎம்ஏ டபிள்யூஎம்பி பேரியர் வேண்டும். எக்ஸ்86இல் அது கம்பைலர் பேரியர் மட்டுமே என்பதால், விட்டாலும் அங்கே பெரும்பாலும் தெரியாது. ஆர்ம் போர்டில்தான் வெடிக்கும்.

சில டிரைவர்கள் ரிங்கை மொத்தமாக, தனியாக நிரப்பும் அமைப்பில் இருக்கும். அங்கே இந்த வரிசை மாற்றம் பொருந்தாது. இன்டெலின் ஐ40இ டிரைவர், நிரப்புவது தோற்றால் முழு பட்ஜெட்டையும் (ஒரு போலில் எடுக்கலாம் என்ற பாக்கெட் வரம்பு) திருப்பித் தருகிறது. அதனால் நேப்பி முடிந்ததாகக் கணக்காகாமல் மறுபடி போல் வரும். மெய்நிகர் கணினிகளுக்கான விர்ட்டியோ நெட், நிரப்புவதற்கென நெடுங்காலம் டிலேய்ட் வொர்க் (சற்றுப் பிறகு ஓடும் வேலை) ஒன்றை வைத்திருந்தது. அது தூங்கக்கூடிய சூழல் என்பதால் அங்கே ஜிஎஃப்பி கெர்னல் கேட்கலாம். மெமரி அதிகமில்லாத போர்டுகளுக்கு இரண்டாவது வழியே நல்லது. முதலாவது, மெமரி இல்லாத நேரத்தில் சிபியுவையும் தின்னும்.

ஆர்டர் 2 எங்கிருந்து வந்தது? எம்டியூ (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு) 9000 என்றால், அதோடு ஹெட்ரூமும் ஷேர்டு இன்ஃபோவும் (பஃபரின் முன்னும் பின்னும் கெர்னலுக்கான இடம்) சேர்ந்து 8192 பைட்டைத் தாண்டுகிறது, மெமரி ஒதுக்கும் கேமாலக் அதை 16384 ஆக்குகிறது. 4 கேபி பக்கம் நான்கு, அடுத்தடுத்து வேண்டும். மெமரி நிறைய இருந்தும் துண்டுதுண்டாக இருந்தால் கிடைக்காது. ப்ராக் படிஇன்ஃபோ கோப்பில் அது தெரியும். பேஜ் பூலுக்கு (பக்கங்களைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் கெர்னல் வசதி) மாறி, ஒற்றைப் பக்கங்களாக வாங்கி ஃப்ராக்மென்டாகக் கோப்பதே முறையான வழி. இது 4.18 கெர்னலிலிருந்து உள்ளது. மாறும்போது எஸ்கேபி மார்க் ஃபார் ரீசைக்கிள் அழைப்பை விட்டுவிட்டால் பக்கங்கள் பூலுக்குத் திரும்பாது, டிரைவரை நீக்கும்போது ‘ஸ்டால்ட் பூல் ஷட்டவுன்’ எச்சரிக்கை வந்துகொண்டே இருக்கும். லீக் கண்டறியும் கேமெம்லீக் இதைப் பிடிக்காது, அது பேஜ் அலோகேஷன்களைக் கண்காணிப்பதில்லை.

சோதிக்க, மெமரி தானாகத் தீரும்வரை காத்திருக்க வேண்டாம். ஃபால்ட் இன்ஜெக்‌ஷனுடன் அலோகேஷனை வேண்டுமென்றே தோற்கவைக்கும் ஃபெயில்ஸ்லாப், ஃபெயில் பேஜ் அலாக் இரண்டையும் போட்டுக் கெர்னலைக் கட்டுங்கள். டீபக்எஃப்எஸ்ஸில் (கெர்னலின் சோதனை அமைப்புகள் கோப்புகளாகத் தெரியும் இடம்) ப்ராபபிலிட்டியை 100, டைம்ஸை -1 (வரம்பில்லை) ஆக வையுங்கள். இக்னோர் ஜிஎஃப்பி வெயிட் இயல்பிலேயே ‘ஒய்’ என்பதால், தூங்க முடியாத அலோகேஷன்கள் மட்டுமே தோற்கும். நமக்கு வேண்டியதும் அதுவே. ஃபெயில் பேஜ் அலாக்கின் மின் ஆர்டர் இயல்பில் 1, ஒற்றைப் பக்கங்களும் தோற்க அதை 0 ஆக்குங்கள். குறித்த ப்ராசஸ்களில் மட்டும் தோற்கவைக்கும் டாஸ்க் ஃபில்டரைத் தொடாதீர்கள், அதை இயக்கினால் சாஃப்ட் ஐஆர்க்யூவில் எதுவும் தோற்காது.

எஸ்எஸ்எச் வழியாக இதைச் செய்யக் கூடாது, அந்த இணைப்பும் சேர்ந்து செத்துவிடும். சீரியல் கன்சோல் வேண்டும். ரிச்சி தெருவில் யூஎஸ்பி டிடிஎல் கேபிள் வாங்கும்போது போர்டுக்கு 3.3 வோல்ட்டா என்று கேட்டு வாங்குங்கள். சர்வரின் டிபி9 போர்ட்டுக்கு அது ஆகாது, ஆர்எஸ்232 கேபிள் தனி. ட்ராஃபிக் ஏற்றும் ஐபெர்ஃப் ஓடும்போது ப்ராபபிலிட்டியை ஏற்றி, ரிங் இரண்டு சுற்று சுற்றும் அளவுக்கு விட்டு, 0 ஆக்குங்கள். ஆர்எக்ஸ் டிராப்ட் ஏறி நின்று, பிங்குக்குத் தானாகப் பதில் வந்தால் திருத்தம் சரி. டவுன் அப் செய்த பிறகே வருகிறதென்றால் ஓட்டை இன்னும் எங்கோ இருக்கிறது.