பையனோடு படகில் இரவு கிராப்பி பிடித்த அனுபவம்

டெக்சாஸ் கோடையில் பகலில் ஏரிக்குப் போனால் வெயில் பிள்ளையை வாட்டி எடுத்துவிடும். அதனால் இந்த வருடம் இருட்டிய பிறகு படகை இறக்க ஆரம்பித்தோம். இடம், டென்டனுக்கு வடக்கே இருக்கும் ரே ராபர்ட்ஸ் ஏரி. தேடிப் போவது கிராப்பி மீன். தட்டையான வெள்ளி உடம்பு, மேலே கறுப்புப் புள்ளிகள். கூட்டமாகத் திரிவதால் ஒன்று கடித்தால் அடுத்ததும் சீக்கிரம் கடிக்கும். ஏழு வயதுப் பையனுக்கு இதைவிடத் தோதான மீன் கிடையாது.

பாலத்தூண்கள் பக்கம் நங்கூரம் போட்டு, 12 வோல்ட் பேட்டரியில் எரியும் பச்சை எல்.இ.டி. விளக்கைத் தண்ணீருக்குள் இறக்குவோம். முதலில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் நுண்ணுயிர்கள் வந்து மொய்க்கும். அதைத் தின்ன ஷாட் மீன்குஞ்சுகள் வந்து வெளிச்சத்தைச் சுற்றும். கிராப்பி அதற்கும் கீழே, இருட்டு ஓரத்தில் நிற்கும். இதெல்லாம் வந்து சேர ஒரு மணி நேரம் போலப் பிடிக்கும். பையன் அவ்வளவு நேரமும் குப்புறப் படுத்துப் பார்த்துக்கொண்டே இருக்கிறான். லைஃப் ஜாக்கெட்டின் பின்பட்டை என் கையில் இருக்கும். 13 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகள் படகு ஓடும்போது அதைப் போட்டே ஆக வேண்டும் என்பது இங்கே சட்டம். நாங்கள் நங்கூரம் போட்ட பிறகும் கழற்றுவதில்லை.

அவனுக்கு ஐந்தடிக் கோல், ஒளிரும் தக்கை, மெல்லிய கம்பி முள், உயிர்க் குஞ்சு இரை. ஆழம்தான் முக்கியம். கிராப்பி பெரும்பாலும் மேலே பார்த்துத்தான் இரை எடுக்கும். இரை அதற்குக் கீழே போய்விட்டால் கண்டுகொள்ளாது. அதனால் 8 அடியில் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக இறக்குகிறோம்.

தக்கை முங்குவதை மட்டும்தான் நான் கவனிப்பேன். ஒரு ராத்திரி பையன், "அப்பா, தக்கை படுத்துக்கிச்சு!" என்று கத்தினான். மீன் இரையைக் கவ்வி மேலே ஏறியதால் தூண்டில் நரம்பில் கட்டிய ஈயக்குண்டின் பாரம் விட்டுப் போய், தக்கை சாய்ந்து கிடந்தது. கோலைத் தூக்கினால் நல்ல கனமான கிராப்பி. இப்போது சாய்கிற தக்கையைப் பார்ப்பது அவன் வேலை.

கிராப்பிக்கு வாய் ஓரம் காகிதம் மாதிரி மெல்லிசு. வெடுக்கென்று இழுத்தால் கிழிந்து மீன் போய்விடும். கோலை மெதுவாக உயர்த்தி, நரம்பைத் தளரவிடாமல் கைவலை வரை கொண்டுவரப் பழகிவிட்டான். இதில் என்னைவிட அவன் கை நிதானம். அப்புறம் அளவுகோல். டெக்சாஸின் பெரும்பாலான ஏரிகளில் 10 அங்குலத்துக்குக் குறைந்ததை விட்டுவிட வேண்டும், ஆளுக்கு ஒரு நாளைக்கு 25 வரை எடுக்கலாம். நாங்கள் ஒரு வேளை வறுவலுக்குப் போதுமானதோடு நிறுத்திக்கொள்கிறோம். சதை மிருதுவாக இருப்பதால் மிளகாய்த்தூளோடு கொஞ்சம் அரிசி மாவும் சேர்த்தால்தான் சட்டியில் உடையாமல் வரும்.

அடுத்த தடவை உயிர் இரை இல்லாமல் சின்ன ஜிக் (ஈயத்தலை முள்ளில் செய்த போலி இரை) மட்டும் போட்டுப் பார்க்கப் போகிறோம். நிறம் அவன் தேர்வு.