சின்சினாட்டிக் கூட்டமும் அமெரிக்கத் துப்பாக்கி அரசியலும்

அமெரிக்கப் பள்ளிக்கூடம் ஒன்றில் துப்பாக்கிச் சூடு நடக்கும்போதெல்லாம், துப்பாக்கி நிறுவனங்கள் அரசியல்வாதிகளை விலைக்கு வாங்கிவிட்டதால்தான் சட்டம் வரவில்லை என்ற விளக்கத்தைக் கேட்கிறோம். பணத்துக்குப் பங்கு இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் என்.ஆர்.ஏ. எனப்படும் தேசிய ரைபிள் சங்கத்தின் வரலாற்றைப் படிக்கப் படிக்க, துப்பாக்கி உரிமை என்ற ஒன்றை மட்டுமே பார்த்து வாக்களிக்கும் உறுப்பினர்கள்தான் அதன் உண்மையான பலம் என்று எனக்குப் படுகிறது.

அச்சங்கம் 1871-இல் நியூயார்க்கில் தொடங்கப்பட்டபோது அதற்கு அரசியல் நோக்கம் ஏதும் இருக்கவில்லை. உள்நாட்டுப் போரில் வடக்குப் படையினர் குறி பார்த்துச் சுடத் தெரியாமல் திணறியதைக் கண்ட அதிகாரிகள், சுடும் பயிற்சி அளிப்பதற்காக அதைத் தொடங்கினார்கள். 1934-இல் இயந்திரத் துப்பாக்கிகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் விவாதிக்கப்பட்டபோது, எல்லோரும் துப்பாக்கியோடு திரிவதைத் தாம் ஆதரிக்கவில்லை என்று அதன் தலைவர் கார்ல் ஃபிரெடரிக் நாடாளுமன்றக் குழுவின் முன் கூறினார். கென்னடியைக் கொன்ற ரைபிள் அஞ்சல் வழியாக வாங்கப்பட்டது. அதை விற்ற கடையின் விளம்பரம் சங்கத்தின் சொந்த இதழிலேயே வந்திருந்தது. அதன் பிறகு அஞ்சல் விற்பனையைத் தடுக்கும் யோசனையைச் சங்க நிர்வாகியே ஆதரித்துச் சாட்சியம் அளித்தார்.

இந்த நிலை 1977 மே மாதம் ஒஹாயோ மாநிலத்தின் சின்சினாட்டி நகரில் நடந்த ஆண்டுக் கூட்டத்தில் தலைகீழானது. தலைமையகத்தை வாஷிங்டனிலிருந்து கொலராடோவுக்கு மாற்றி, வேட்டையிலும் இயற்கைப் பாதுகாப்பிலும் கவனம் செலுத்த நிர்வாகிகள் திட்டமிட்டிருந்தார்கள். அதை எதிர்த்த உறுப்பினர்கள் ஆரஞ்சு நிறத் தொப்பி அணிந்து, கையில் வாக்கி டாக்கியுடன் மண்டபத்தில் ஆங்காங்கே நின்றுகொண்டு, சங்க விதிகளையே ஆயுதமாக்கித் தீர்மானத்துக்கு மேல் தீர்மானமாகக் கொண்டுவந்தார்கள். கூட்டம் விடியும் நேரம் வரை நீண்டது. பழைய நிர்வாகிகள் வெளியேற்றப்பட்டு, எதிர்ப்பாளர்களின் தலைவரான ஹார்லன் கார்ட்டர் பொறுப்புக்கு வந்தார். ஒரு கூட்டுறவுச் சங்கத் தேர்தலைப் போல நடந்து முடிந்த இந்தக் காரியம்தான் பிறகு அந்நாட்டின் அரசியலையே திருப்பியது.

அதன் பிறகு, துப்பாக்கி உரிமையை எவ்வளவு ஆதரிக்கிறார்கள் என்று பார்த்து வேட்பாளர்களுக்கு மதிப்பெண் போட்டு, அதை உறுப்பினர்களுக்குத் தெரிவிப்பது சங்கத்தின் முக்கிய உத்தியாயிற்று. 1986-இல் வந்த சட்டம், துப்பாக்கி உரிமையாளர்களின் பெயர்ப் பதிவேட்டை மத்திய அரசு உருவாக்கக் கூடாது எனத் தடுத்தது. இதனால் குற்றம் நடந்த இடத்தில் கிடைத்த துப்பாக்கி யாருடையது என்று அறிய, மேற்கு வர்ஜீனியாவின் மார்ட்டின்ஸ்பர்க்கில் உள்ள அரசு மையத்தின் ஊழியர்கள் முதலில் தயாரிப்பாளரையும், அடுத்து மொத்த வியாபாரியையும், பின்னர் கடைக்காரரையும் கேட்க வேண்டியிருக்கிறது. கடை மூடப்பட்டிருந்தால், அது அனுப்பிவைத்த பழைய பதிவேடுகளைப் பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டும். கணினியில் பெயரைத் தட்டித் தேடுவதற்கு வழியில்லை.

2012-இல் கனெக்டிகட் மாநிலத்தின் சாண்டி ஹுக் பள்ளியில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் கொல்லப்பட்ட பிறகும், வாங்குபவரின் பின்னணியைச் சரிபார்ப்பதை விரிவாக்கும் திருத்தம் 2013 ஏப்ரலில் செனட்டில் 54 வாக்குகள் பெற்றும், தேவையான 60 கிடைக்காமல் தோற்றது. கருத்துக்கணிப்புகளில் பெரும்பான்மையினர் அதை ஆதரித்தே இருந்தார்கள். ஆனால் ஆதரித்தவர்களில் பெரும்பாலோர் அதை வைத்து மட்டும் வாக்களிப்பவர்கள் அல்லர்.

பண்பாடும் உடன் மாறியிருக்கிறது. 1999-இல் துப்பாக்கி வைத்திருந்தோரில் 49 சதவீதத்தினர் வேட்டையையே முக்கியக் காரணமாகச் சொன்னார்கள். 2023-இல் பியூ ஆய்வு மையம் கேட்டபோது 72 சதவீதத்தினர் தற்காப்பை முக்கியக் காரணமாகக் குறிப்பிட்டார்கள். இம்மாற்றம் முழுவதும் சங்கத்தின் கைவண்ணம் என்று சொல்ல மாட்டேன்; ஆயினும் அச்சத்தைத் தொடர்ந்து ஊட்டியதில் அதற்குப் பெரும் பங்குண்டு.

மூன்று பத்தாண்டுகளுக்கு மேல் சங்கத்தை நடத்திய வெயின் லாபியேர், நிதி முறைகேட்டு வழக்கில் சிக்கி 2024 ஜனவரியில் பதவி விலகினார். ஆனால் அந்த வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே, 2022-இல், சங்கத்தோடு இணைந்த நியூயார்க் மாநில அமைப்பு தொடுத்த வழக்கில், பொது இடத்தில் கைத்துப்பாக்கி எடுத்துச் செல்வது அரசமைப்பு தரும் உரிமை என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது.