மேசை காலியாகக் கூடாது

லேவியராகமம் 24ஆம் அதிகாரத்தை நம் சபைகளில் யாரும் பிரசங்கத்துக்கு எடுப்பதில்லை. பன்னிரண்டு அப்பம், தேவ சந்நிதியில் ஒரு மேசை, ஓய்வுநாள்தோறும் பழையதை எடுத்துப் புதியதை அடுக்க வேண்டும், அவ்வளவுதான் விஷயம். ஆனால் அதை ‘நித்திய உடன்படிக்கை’ என்கிறது வேதம். சீனாய் மலை, இடி, மின்னல், கற்பலகை என்று உடன்படிக்கைக்கு எத்தனையோ பெரிய காட்சிகள் இருக்க, அப்பம் மாற்றுவதற்கு எதற்கு இவ்வளவு பெரிய பெயர்?

பணி ஓய்வுக்குப் பிறகு மிஷ்னாவை ஆங்கிலத்தில் வாசிக்க ஆரம்பித்தேன். யூத ரபிகளின் வாய்மொழிச் சட்ட மரபு அது, கி.பி. 200 வாக்கில் தொகுத்தார்கள். ரோமர்கள் 70இல் எருசலேம் தேவாலயத்தை இடித்து நூறு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. இருந்தும் ஆலயத்தில் எந்தச் சாவி யார் கையில், யார் எங்கே படுத்தார்கள் என்பதெல்லாம் நேற்று பார்த்தது மாதிரி அதில் இருக்கிறது.

அப்பம் மாற்றும் முறையும் இருக்கிறது. புதிய அப்பத்தோடு நான்கு ஆசாரியர்கள் உள்ளே வருவார்கள்: இரண்டு பேர் கையில் ஆறு ஆறாக அப்பம், மற்ற இரண்டு பேர் கையில் தூபவர்க்கக் கிண்ணங்கள். பழையதை எடுக்க வேறு நான்கு பேர் முன்னாலேயே போய் நிற்பார்கள். வைக்க வந்தவர்கள் வடக்கே நின்று தெற்கே பார்ப்பார்கள், எடுக்கிறவர்கள் தெற்கே நின்று வடக்கே பார்ப்பார்கள். இவர்கள் பழையதை இழுக்க இழுக்க, அவர்கள் புதியதை நகர்த்தி வைக்க வேண்டும், ஒரு கையகலத்துக்கு ஒரு கையகலம். ‘நித்தமும் என் சந்நிதியில்’ என்று கட்டளை இருப்பதால் ஒரு நொடிகூட மேசை காலியாக இருந்துவிடக் கூடாது. முழுக்க எடுத்துவிட்டு அப்புறம் வைத்தாலும் ‘நித்தமும்’தான் என்று ரபி யோசே ஒருவர் மட்டும் வாதம் பண்ணுகிறார்.

நான் ஒரு மாவட்ட மருத்துவமனையில் வார்டு சிஸ்டராக இருந்தவள். டியூட்டி மாறும் நேரம் எவ்வளவு ஆபத்தானது என்று எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. போகிறவள் மனசு பஸ் ஸ்டாண்டில் இருக்கும், வருகிறவள் இன்னும் தொப்பிக்குப் பின் குத்திக்கொண்டிருப்பாள், சலைன் பாட்டில் அந்த நேரம் பார்த்துத்தான் தீரும். அதனால் அந்த எட்டுப் பேர் எதிரெதிரே நின்று அப்பம் நகர்த்துவதை வாசித்தபோது, உடன்படிக்கை என்ற பெயர் ஏன் இங்கே வந்தது என்று சட்டென்று பிடிபட்டது. என்றென்றைக்கும் என்று வாக்குக் கொடுத்தாயிற்று. மனுஷன் என்றென்றைக்கும் நிற்க முடியாது, தூங்குவான், சாவான். ஆகவே கை மாறியாக வேண்டும், இடைவெளி விழாமல் மாறியாக வேண்டும்.

ஆசாரியர்களுக்கு டியூட்டி சார்ட் இருந்தது. ஆசாரியர்களான ஆரோன் வம்சத்தை 24 வகுப்புகளாகச் சீட்டுப் போட்டுப் பிரித்த கதை 1 நாளாகமம் 24இல் வருகிறது. ஒரு வகுப்புக்கு ஒரு வாரம், வருஷத்தில் இரண்டு முறை. பெரிய பண்டிகைகளுக்கு எல்லா வகுப்பும் வர வேண்டும். ஓய்வுநாளில் பொறுப்பு மாறும். போகிற வகுப்பு காலைப் பலியை முடிக்கும், வருகிற வகுப்பு மாலைப் பலியை ஏற்கும். எடுத்த பழைய அப்பத்தை இரண்டு வகுப்பும் பங்கிட்டுக்கொள்ளும். யோவான்ஸ்நானனின் தகப்பன் சகரியா எட்டாவது வகுப்பான அபியா வகுப்பைச் சேர்ந்தவர். அவர் தூபங்காட்டச் சீட்டுப் பெற்றார் என்று லூக்கா எழுதுவதை நாம் கிறிஸ்துமஸ் சமயத்தில் வேகமாக வாசித்துக் கடந்துவிடுகிறோம். தூபச் சீட்டுக்கு இதுவரை தூபம் காட்டாதவர்களைத்தான் கூப்பிடுவார்களாம். அந்த வயதான மனுஷனுக்கு அது எப்படிப்பட்ட நாளாக இருந்திருக்கும்!

இராத்திரிக் காவலைப் பற்றி வாசித்துத் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். ஆசாரியர்கள் மூன்று இடத்தில், அவர்களுக்குத் துணையாக ஆலயப் பணி செய்யும் லேவியர்கள் இருபத்தொரு இடத்தில் காவல். ஆலய மலையின் அதிகாரி தீப்பந்தங்களோடு ரவுண்ட்ஸ் வருவார். காவலாள் எழுந்து நின்று வணக்கம் சொல்ல வேண்டும். தூங்கிக்கொண்டிருந்தால் தடியால் ஒரு அடி. அவன் துணியைக் கொளுத்திவிடவும் அதிகாரிக்கு அனுமதி உண்டு. பிராகாரத்தில் என்ன சத்தம் என்று யாராவது கேட்டால், ‘ஒரு லேவியன் அடி வாங்குகிறான், தூங்கிவிட்டானாம்’ என்பார்களாம். இதைச் சொல்லும் ரபி எலியேசர் பென் யாக்கோபு அதோடு விடவில்லை. ‘ஒரு தடவை என் தாய்மாமனே தூங்கி மாட்டிக்கொண்டார், துணியைக் கொளுத்திவிட்டார்கள்’ என்கிறார். மாமாவின் மானம் இன்னும் போய்க்கொண்டிருக்கிறது.

உள்ளே கணப்பறையில் பெரியவர்கள் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு படுப்பார்கள். இளவட்டங்கள் தரையில். பரிசுத்த வஸ்திரத்தைப் போட்டுக்கொண்டு தூங்கக் கூடாது, கழற்றி மடித்துத் தலைமாட்டில் வைக்க வேண்டும். நிலவறை வழியில் ஒரு கழிப்பறை. கதவு சாத்தியிருந்தால் ஆள் இருக்கிறது, திறந்திருந்தால் இல்லை, அதுதான் அந்த இடத்தின் கண்ணியம் என்று மிஷ்னா எழுதி வைத்திருக்கிறது. எங்கள் நர்ஸ் குவார்ட்டர்ஸில் அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டுத்தரச் சொல்லி எத்தனை மனு கொடுத்திருப்போம்!

வேலையும் லேசானதில்லை. கல் தரையில் வெறுங்காலோடு நிற்க வேண்டும், பலி இறைச்சி நிறையச் சாப்பிட வேண்டும். வயிற்று நோய்க்கென்றே பென் அகியா என்று ஒரு பொறுப்பாளர் இருந்தார். பலிபீடத்துக்குப் போகும் சரிவில் வழுக்காமல் இருக்க உப்புத் தூவுவார்கள். உப்பைப் பார்த்ததும் எண்ணாகமம் 18 ஞாபகம் வருகிறது. ஆசாரியருக்கு நிலம் கிடையாது, சுதந்தர வீதம் கிடையாது, ஜனங்கள் படைப்பதில் பங்கு மட்டும் உண்டு, அது மாறாத உப்பு உடன்படிக்கை என்று அங்கே வருகிறது. காணிக்கையிலும் உப்பு, கால் வழுக்கும் இடத்திலும் உப்பு. எனக்கு இரண்டாவதுதான் அதிகம் பிடிக்கிறது.

அந்தச் சரிவில்தான் மோசமான சம்பவமும் நடந்தது. விடியுமுன் பீடத்துச் சாம்பலை அள்ளும் வேலைக்கு ஆரம்பத்தில் சீட்டு கிடையாது. ஆசைப்பட்டவர்கள் ஓட வேண்டும், முந்துகிறவனுக்கு வேலை. ஒரு நாள் இரண்டு பேர் சமமாக ஓட, ஒருவன் தள்ள, மற்றவன் கால் ஒடிந்தது. அதன் பிறகே சீட்டு வந்தது என்கிறது மிஷ்னா. மிஷ்னாவுக்குப் பின்வந்த ரபிகளின் விளக்க நூலான தல்முத் இன்னொன்றும் சொல்கிறது: தோற்றவன் கத்தியை எடுத்து முந்தியவன் நெஞ்சில் குத்திவிட்டான். ரபி சாதோக் மண்டபப் படிகளில் நின்று பேச, ஜனம் கதறி அழுதது. குத்துப்பட்டவனின் தகப்பன் வந்து பார்த்துச் சொன்னானாம்: ‘பிள்ளை இன்னும் துடித்துக்கொண்டிருக்கிறான், உயிர் போகவில்லை, கத்தி தீட்டுப்படவில்லை.’ இரத்தம் சிந்தியதைவிடக் கத்தியின் தீட்டு அவர்களுக்குப் பெரிதாகப் போயிற்று என்று தல்முத்தே கசந்து சொல்கிறது. பக்தி அதிகமானால் ஆள் நல்லவனாகிவிடுவான் என்று நம்புகிறவர்கள் இந்தப் பக்கத்தை வாசிக்கலாம். தன் மரபின் அசிங்கத்தை அழிக்காமல் வைத்திருக்கும் நேர்மைக்காகவே இந்த நூல்கள்மேல் எனக்கு மரியாதை.

பிரதான ஆசாரியரையும் அவர்கள் முழுசாக நம்பவில்லை. பாவநிவாரண நாளுக்கு ஏழு நாள் முன்பே வீட்டிலிருந்து பிரித்துக் கொண்டுவந்து பயிற்சி கொடுப்பார்கள். சொல்லிக்கொடுத்ததில் எதையும் மாற்றமாட்டேன் என்று சத்தியம் வாங்குவார்கள். அவர் ஒரு பக்கம் திரும்பி அழுவார், சத்தியம் வாங்கினவர்கள் மறுபக்கம் திரும்பி அழுவார்கள். இராத்திரி முழுக்க யோபு, எஸ்றா, நாளாகமம் என்று வாசித்துக் காட்டுவார்கள். கண் சொக்கினால் இளம் ஆசாரியர்கள் விரலைச் சொடுக்கி, ஐயா, எழுந்து தரையில் நில்லுங்கள் என்பார்கள்.

இதையெல்லாம் நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்க முடியாது என்பதும் தெரியும். பெண், அதுவும் புறஜாதி. தடுப்பைத் தாண்டும் அந்நியனுக்குச் சாவுதான் என்று கிரேக்கத்தில் எச்சரிக்கும் கல் 1871இல் எருசலேமில் கிடைத்திருக்கிறது. சரி, மிஷ்னாவை வாசிக்க யாரும் தடுக்கவில்லை.

ஆலயம் போன பிறகு டியூட்டி சார்ட் என்ன ஆயிற்று? 1962இல் இஸ்ரேலின் கடற்கரையில் உள்ள செசரியாவில் ஒரு கல்வெட்டின் துண்டுகளை எடுத்தார்கள். 24 வகுப்புகளும் கலிலேயாவில் எந்தெந்த ஊரில் குடியேறின என்ற பட்டியல் அது. நாசரேத் என்ற பெயர் அதில் இருக்கிறது. ஏமனில் ஒரு மசூதித் தூணில்கூட இந்தப் பட்டியலின் ஒரு பகுதி கிடைத்தது. எருசலேமிலிருந்து ஏறக்குறைய 2000 கிலோமீட்டர் தூரம். வேலை இல்லாமலே வரிசையைக் காப்பாற்றியிருக்கிறார்கள்.

ஒரே ஒரு வேலை மட்டும் மிஞ்சியது. எண்ணாகமம் 6இல் உள்ள ஆசீர்வாதம், நம் ஆராதனை முடிவில் போதகர் ஐயர் சொல்வதும் அதுதான். ஜெப ஆலயத்தில் ஆரோன் வம்சத்தார் செருப்பைக் கழற்றி, லேவியர் தண்ணீர் ஊற்றக் கை கழுவி, முன்னால் வந்து நிற்பார்கள். எபிரெயத்தில் மொத்தமே 15 வார்த்தைகள். குழந்தைக்கும் மனப்பாடம். இருந்தும் ஜெபம் நடத்துகிறவர் ஒவ்வொரு வார்த்தையாக எடுத்துச் சொல்ல, அதைக் கேட்டுத்தான் திருப்பிச் சொல்ல வேண்டும். எனக்குத் தெரியும் என்று யாரும் முந்திக்கொண்டு போக முடியாது.