சுவருக்குள் ஸ்பீக்கர் வயர்: வண்ணாரப்பேட்டை வீட்டு வேலைக் குறிப்புகள்

ஜூன் 9, 2024, ஞாயிறு

தாத்தா வாங்கிய வீடு. பழைய வண்ணாரப்பேட்டையில், எம்.சி. ரோட்டிலிருந்து இரண்டு சந்து தள்ளி. மேலே மெட்ராஸ் டெரஸ்: தேக்கு உத்திரங்கள், அவற்றின்மேல் செங்கல்லைக் குத்தாக நிறுத்தி அடுக்கிச் சுண்ணாம்புக் காரை போட்ட தளம். சுவர் ஒன்றேகால் அடி கனம். ஒவ்வொரு மழைக்கும் அடியிலிருந்து ஈரம் ஏறிக் காரை பொலபொலவென்று உதிர்கிறது. வயரிங்குக்கு என் வயது. எல்லாவற்றையும் உரித்துவிட்டுப் புதிதாகப் பூசுவது என்று முடிவாகிவிட்டது.

எப்படியும் சுவரை வெட்டத்தான் போகிறோம், கையோடு ஸ்பீக்கர் வயரையும் உள்ளே விட்டுவிடலாம் என்று எனக்கு ஆசை. கூடம், அடுக்களை, அம்மாவின் அறை, மொட்டை மாடி என்று நான்கு இடம். ஆம்ப்ளிஃபயர் மாடிப்படிக்கு அடியில்.

இப்போது இருப்பவை இரண்டு புளூடூத் டப்பாக்கள். கூடத்தில் ஒன்று, அடுக்களையில் ஒன்று. இரண்டிலும் ஒரே பாட்டைப் போட்டால் ஒன்று மற்றதைவிடப் பத்தில் ஒரு நொடி பின்தங்கும். கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் ஒலி ஒரு நொடிக்கு 340 மீட்டர் சொச்சம் போகிறது, அந்தக் கணக்கில் அடுக்களைப் பாட்டு 34 மீட்டர் தள்ளித் தெருமுனையிலிருந்து வருகிற மாதிரி. அம்மாவின் தீர்ப்பு: "ஒருத்தன் பாடறான், இன்னொருத்தன் பின்னாடியே பழிப்பு காட்டறான்."

உத்திரத்தை மறைக்கிற ஃபால்ஸ் சீலிங் கூடவே கூடாது என்று சொல்லிவிட்டார். போனை எடுத்துத் தடவுகிற வேலையும் ஆகாது, ஒரு திருகியைத் திருப்பினால் 101.4 எஃப்.எம். பாட வேண்டும். இடிக்கிற வேலை எதுவானாலும் ஆடி பிறப்பதற்குள் முடிந்திருக்க வேண்டும்.

ஜூன் 12, புதன்

மைக்செட் மாமாவைப் பார்க்க ராயபுரம் போனேன். அப்பாவின் சிநேகிதர். கல்யாணம், காதுகுத்து, கூழ் ஊற்றுவது எல்லாவற்றுக்கும் நாற்பது வருஷமாகக் குழாய் ஸ்பீக்கர் கட்டியவர்.

"வூட்டுக்கு எத்தினி மீட்டரு வயரு?" என்றார். மாடிக்கு 22 மீட்டர் வரும் என்றேன். சிரித்தார். "நான் கோயில்லேருந்து தெருக்கோடி வரைக்கும் இத்துனூண்டு வயர்ல இழுப்பேன்டா. எப்டின்னு சொல்லு பாக்கலாம்."

எனக்குத் தெரியவில்லை. சிகரெட் அட்டையில் எழுதிக் காட்டினார். 8 ஓம் ஸ்பீக்கருக்கு 100 வாட் அனுப்ப வேண்டுமானால் 28 வோல்ட், மூன்றரை ஆம்பியர். அவருடைய ஆம்ப்ளிஃபயரோ 100 வோல்ட் லைனில் அனுப்புகிறது, ஒரு ஆம்பியர் போதும். வயரில் வீணாவது ஆம்பியரின் வர்க்கத்தைப் பொறுத்தது. மூன்றரைக்கும் ஒன்றுக்கும் வித்தியாசம் பன்னிரண்டு மடங்கு! ஒவ்வொரு குழாயின் முதுகிலும் ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மர் இருந்து அந்த வோல்ட்டை இறக்கிக்கொள்கிறது. சின்ன வயதில் அதைக் கையில் தூக்கி விளையாடியிருக்கிறேன், என்னவென்று கேட்டதில்லை.

வீட்டுக்கு அது வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். சின்ன டிரான்ஸ்ஃபார்மரில் அடித்தொண்டை சுருங்கிவிடுமாம். "கோயில்ல அறிவிப்பு புரிஞ்சா போதும். வூட்ல மிருதங்கம் கேக்கணும்ல."

கிளம்பும்போது பூங்கா ரேடியோ கதையை ஆரம்பித்தார். சென்னை மாநகராட்சி 1930இலேயே சொந்தமாக ஒலிபரப்பு நடத்தியது, 1938இல் அகில இந்திய வானொலி வந்ததும் ஒதுங்கிக்கொண்டது. பூங்கா ரேடியோக்கள் மட்டும் அப்புறமும் ரொம்ப வருஷம் இருந்தன. மாமா சிறுவனாக இருந்தபோது சாயங்காலம் ஒரு பார்க்கில் பாட்டு பாதியில் இருக்கும்போது கிளம்பி, அடுத்த பார்க்கில் மீதியைக் கேட்பாராம். நடுவே எப்படி என்றேன். "நடுவுல டீக்கடை இல்லியா?"

ஜூன் 16, ஞாயிறு

அளந்தாயிற்று. ஸ்பீக்கரின் ஓமில் நூற்றுக்கு ஐந்துக்கு மேல் வயர் தின்னக் கூடாது என்பது பொதுவான கணக்கு. 8 ஓமுக்கு 0.4. ஒன்றரை ஸ்கொயர், அதாவது குறுக்குவெட்டு ஒன்றரை சதுர மில்லிமீட்டர், தாமிர வயர் ஆயிரம் மீட்டருக்கு 13.3 ஓம். அடுக்களை 12 மீட்டர், போக வர 24, அதாவது 0.32. தேறிவிட்டது. மாடி போக வர 44 மீட்டர், 0.58. தேறவில்லை. மாடிக்கு மட்டும் இரண்டரை ஸ்கொயர்.

இதை எழுதிவைக்கக் காரணம், கடையில் கேட்டால் எல்லாவற்றுக்கும் தடியான வயரைத் தலையில் கட்டுவார்கள், எலக்ட்ரீஷியனைக் கேட்டால் எல்லாவற்றுக்கும் மெல்லிசு போதும் என்பார்.

ஜூன் 22, சனி

வியாழக்கிழமை ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கிய சுருளை இன்றுதான் பிரித்தேன். ஒன்றரை ஸ்கொயர், இரட்டை வயர், 90 மீட்டர். தூக்கும்போதே இலேசாகப் பட்டது. ஒரு முனையை முறுக்கி இணைத்துவிட்டு மறுமுனையில் மல்டிமீட்டர் வைத்தேன். 180 மீட்டர் தாமிரம் 2.4 ஓம் காட்ட வேண்டும். 3.7 காட்டியது. மீட்டரின் ஊசிகளை ஒன்றோடொன்று தொட்டால் வரும் 0.3ஐக் கழித்த பிறகும்.

பிளேடால் ஒரு இழையைச் சுரண்டினேன். மேலே செம்பு நிறம், ஒரு மயிரிழை கனத்துக்கு. உள்ளே வெள்ளை வெளேரென்று அலுமினியம். மேலே தாமிர முலாம் பூசிய கம்பி. மின்தடை ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. அதைவிடப் பயம், பூச்சு போன இடத்தில் இந்தக் கடல் காற்று என்ன செய்யும் என்பது. காசிமேடு கூப்பிடு தூரத்தில் இல்லை, ஆனால் காற்றுக்கு அது தெரியாது. எங்கள் ஜன்னல் கீலைப் பார்த்தால் போதும்.

மத்தியானமே திரும்பப் போனேன். கடைக்காரர் சண்டை போடவில்லை, ஆச்சரியப்படவும் இல்லை. "ப்யூர் காப்பர் கேட்டிருந்தா குடுத்திருப்பேனே சார்" என்றார். பில்லில் காப்பர் என்றுதான் இருந்தது. மாற்றிக் கொடுத்தார், விலை ஒன்றே முக்கால் மடங்கு. புதுச் சுருளை அங்கேயே சுரண்டிப் பார்த்தேன்.

ஜூன் 29, சனி

வெட்டுகிற மெஷின் வந்தது. சிமெண்ட் சுவர் என்றால் கோடு போட்ட மாதிரி வெட்டு விழும். சுண்ணாம்புச் சுவர் அப்படி இல்லை, ஒரு அங்குலம் வெட்டினால் மூன்று அங்குலம் மாவாகக் கொட்டுகிறது. கடைசியில் எலக்ட்ரீஷியன் மெஷினை ஓரமாக வைத்துவிட்டு உளியும் சுத்தியலும் எடுத்தார். "பழைய வீட்டை அதட்டக் கூடாது சார்."

பக்கத்து வீட்டோடு சேர்ந்த பொதுச் சுவரில் கை வைக்கவில்லை. அது அவர்களுக்கும் பாதி. தவிரவும் அதில் ஸ்பீக்கரைப் பதித்தால் நாங்கள் கேட்கிற பாட்டை அவர்களும் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

ஜூலை 2, செவ்வாய்

நான் ஆபீஸிலிருந்து வருவதற்குள் எலக்ட்ரீஷியன் வயர் இழுத்து முடித்திருந்தார். பார்த்தால் அடுக்களைப் பக்கம் 230 வோல்ட் வயரும் ஸ்பீக்கர் வயரும் ஒரே பைப்பில். "இடம் இருந்துச்சு சார், எதுக்கு இன்னொரு பைப்பு?"

எங்கோ ஓரிடத்தில் மேல்தோல் கிழிந்தால் கரண்ட் நேராக ஸ்பீக்கரின் திருகிக்கு வரும், அதைத் திருகப்போவது அம்மாவின் ஈரக்கை. இதைச் சொன்னதும் அவர் முகம் மாறிவிட்டது. ஆபத்து ஒரு பக்கம் இருக்க, இரைச்சலும் வரும். இரண்டும் ஒரு அடியாவது விலகிப் போக வேண்டும், குறுக்கிட்டுத்தான் ஆக வேண்டுமென்றால் கூட்டல் குறி மாதிரி நேர்குறுக்காக. எட்டு மணி வரை இருந்து பிரித்துப் போட்டார். அம்மா அவருக்கு உப்புமா கிண்டிக் கொடுத்தார்.

ஜூலை 6, சனி

இன்று முழுக்க போட்டோ. ஒவ்வொரு சுவருக்கும் நான்கு, அளவு டேப்பைச் சுவரில் பிடித்தபடியே. ஆம்ப்ளிஃபயரை நாளைக்கே மாற்றலாம், ஸ்பீக்கரையும் மாற்றலாம். பூசிய பிறகு மாற்ற முடியாதது இந்த பைப் மட்டும்தான். அதனால் ஒவ்வொரு அறைக்கும் 25 மில்லிமீட்டர் பைப் ஒன்று காலியாகவும் போட்டு, உள்ளே இழுகம்பி விட்டிருக்கிறேன். வயர் முனைகளை டேப் சுற்றி மூடியாயிற்று, இல்லாவிட்டால் பச்சை பூத்துவிடும்.

ஜூலை 13, சனி

பூச்சு வேலை. கொத்தனார் வேகமான ஆள். வேகத்தில் கூடத்து ஜங்ஷன் பாக்ஸையும் சேர்த்துப் பூசிவிட்டார். சுவர் முகம் பார்க்கிற மாதிரி வழவழவென்று இருந்தது, பாக்ஸ் இருந்த சுவடே இல்லை. போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தோம்: நிலைப்படியிலிருந்து நான்கு அடி இரண்டு அங்குலம், தரையிலிருந்து ஏழு அடி. கரணையின் காம்பால் தட்டினேன். டக், டக், டொக்.

"போட்டோ எடுக்கறப்ப சிரிச்சேன் சார்" என்று ஒப்புக்கொண்டார்.

ஜூலை 17, புதன்

ஆடி பிறந்தது. நேற்றோடு இடிபாடு முடிந்தது. அம்மா வாசலில் பெரிதாகக் கோலம் போட்டிருக்கிறார்.

ஜூலை 27, சனி

ஃபால்ஸ் சீலிங் இல்லாமல் கூடத்தில் ஸ்பீக்கரை எங்கே வைப்பது என்ற கேள்வியைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். விடை தலைக்குமேல் இருந்தது. பரண்! அதன் பழைய கதவை எடுத்துவிட்டுப் புதுப் பிளைவுட் கதவு, அதில் ஆறரை அங்குல வட்டம் வெட்டி இரண்டு ஸ்பீக்கர். துணி வலை மூடினால் வெளியே தெரியாது.

ஸ்பீக்கருக்குப் பின்னால் தனிப் பெட்டி கட்டு என்று மாமா போனில் சொன்னார். கூம்பு முன்னால் தள்ளும்போது பின்னால் இழுக்கிறது, இரண்டு அலையும் கலந்தால் தாழ்ந்த சுரம் காணாமல் போகும். பரணே ஒரு பெட்டிதானே என்றேன். பேசாமல் இருந்தார். அவர் பேசாமல் இருந்தால் யோசிக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஆசாரி கூலி ஏற்கெனவே ஏறியிருந்தது, யோசிக்கவில்லை.

ஆகஸ்ட் 1, வியாழன்

பாடியது. நான்கு இடத்திலும் ஒரே சமயத்தில், பழிப்பு காட்டாமல். கூடத்திலிருந்து மாடி வரை நடந்து பார்த்தேன், ஒரு சொல் சிதறவில்லை. அடுக்களைக்கு டியூனர் எப்போதும் 101.4இலேயே நிற்கும்படி வைத்திருக்கிறேன். அம்மா திருகியைத் திருப்பினார், செய்தி வாசித்தது. மறுபடி திருப்பி நிறுத்தினார். "சரி" என்றார். அவ்வளவுதான். ஒன்றரை மாத வேலைக்கு ஒரு சரி.

ஆகஸ்ட் 5, திங்கள்

கூடத்தில் ஒரு இரைச்சல். எப்போதும் இல்லை, தவிலோ பேஸ் கிதாரோ இறங்கும்போது மட்டும் "ங்ஙொய்ய்ய்" என்று ஒரு நடுக்கம். முதலில் சந்தேகம் கரண்ட் மேல். ஆனால் மின்சார இரைச்சல் பாட்டு நின்றாலும் நிற்காது. இது பாட்டோடு நிற்கிறது. இடது வலது வயரை மாற்றினேன், வேறு ஆம்ப்ளிஃபயர் இரவல் வாங்கிப் போட்டேன், ஸ்பீக்கரைக் கழற்றி வெளியே வைத்துக் கேட்டேன். வெளியே வைத்தால் சுத்தமாக இருக்கிறது. திரும்ப மாட்டினால் ங்ஙொய்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

போனில் சுரம் எழுப்பும் செயலி ஒன்றை வைத்து ஒவ்வொரு ஹெர்ட்ஸாக ஏற்றினேன். 110 பக்கம் வந்தால் அழுகிறது. கதவின் ஆணிகளை இறுக்கியாயிற்று. பலன் இல்லை. அம்மா கேட்டார்: "ஏன்டா, பாட்டே போடமாட்டியா? ஒரே ஊஊன்னு."

ஆகஸ்ட் 11, ஞாயிறு

தெருவில் கூழ் ஊற்றுகிறார்கள். காலை ஐந்து மணியிலிருந்து அம்மன் கோயில் குழாய் நான்கு திசைக்கும் பாடுகிறது. வீட்டில் நான் பதித்த எட்டு ஸ்பீக்கரும் அதற்கு முன்னால் கொசு. மத்தியானம் அது ஓய்ந்த நேரத்தில் சும்மா கூடத்தில் ஒரு பாட்டுப் போட்டேன். இரைச்சல் இல்லை. சத்தத்தைக் கூட்டினேன், இல்லை. 110 ஹெர்ட்ஸைப் போட்டேன். சுத்தம். நான் எதையும் தொடவில்லை, அது தானாகவே சரியாகிவிட்டது. தானாகச் சரியாவதை நம்பி எப்படித் தூங்குவது?

ஆகஸ்ட் 12, திங்கள்

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் மறுபடி ங்ஙொய்.

"இன்னிக்கு யாராவது பரணைத் திறந்தாங்களா?" என்று அம்மாவைக் கேட்டேன். கோயில் பசங்க அண்டாவைத் திருப்பிக் கொண்டுவந்து மேலே ஏற்றிவிட்டுப் போனார்களாம். சனிக்கிழமை கூழ் காய்ச்ச வாங்கிப் போன பித்தளை அண்டா. பாட்டி சீர் கொண்டுவந்தது. அதன் வாய்மேல் மூடியாக ஒரு தாம்பாளம்.

ஸ்டூல் போட்டு ஏறினேன். அம்மா கீழே இருந்து சுரத்தைப் போட்டார். தாம்பாளத்தின்மேல் விரலை வைத்தேன், இரைச்சல் நின்றது. எடுத்தேன், வந்தது. அண்டாவின் விளிம்பில் உள்ளங்கையை வைத்தால் எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது. ஸ்பீக்கரின் முதுகுக்கு ஒரு சாண் தள்ளி உட்கார்ந்துகொண்டு ஒரு வாரமாக அதுவும் கூடப் பாடியிருக்கிறது.

மாமாவுக்குப் போன் செய்தேன். முழுதும் சிரித்து முடித்த பிறகுதான் பேசினார். "பொட்டி கட்டுன்னு சொன்னனா இல்லியா?"

ஆகஸ்ட் 15, வியாழன்

விடுமுறை என்றாலும் ஆசாரி வந்தார். 18 மில்லிமீட்டர் பிளைவுட்டில் இரண்டு பெட்டி, உள்ளே பழைய தலையணைப் பஞ்சு. தாம்பாளத்துக்கும் அண்டாவுக்கும் நடுவே அம்மாவின் நைந்த சுங்குடிப் புடவை ஒன்றை மடித்து வைத்தேன். இப்போது தவில் தவிலாக இருக்கிறது, தாழ்ந்த சுரமும் முன்பைவிடக் கூடுதலாக வருகிறது.

ஒரு வாரம் இந்த அண்டாவால் வீணாகப் போச்சு என்று முனகிக்கொண்டே ஸ்டூலிலிருந்து இறங்கினேன். அடுக்களையில் செய்திக்கு நடுவே திருகியைக் குறைத்துவிட்டு அம்மா எட்டிப் பார்த்தார்.

"அத்த ஏன்டா குத்தம் சொல்ற? அது பாட்டுக்கு அங்க இருந்துது."