ஈடு மீட்கும்போது கூடக் கட்டிய காசு

கிளிநொச்சியில் காணியை ஈடு வைத்து எடுத்த வீட்டுக் கடனை முன்கூட்டியே கட்டி முடிக்கப் போனால், காணி உறுதியைத் தருவதற்கு முன் கடனை மூடுவதற்கென்று ஒரு கட்டணத்தை வங்கியில் எழுதிக் காட்டினார்கள், அது நான் கையெழுத்து வைத்த ஒப்பந்தத்தில் இருந்ததை விடக் கூட. உறுதி கைக்கு வர வேண்டுமே! கட்டினேன், ஆனால் அந்தக் கட்டணத்தைத் தனி வரியாகப் போட்ட பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்கினேன்.

லண்டனில் இருக்கும் அண்ணாதான் திருப்பிக் கேள் என்றார். அங்கே பல வங்கிகள் கடன் ஓடிக்கொண்டிருக்கும்போதே இந்தக் கட்டணத்தை உயர்த்தி வைத்திருந்தன, 2007 ஜனவரியில் அந்த நாட்டு வங்கிகளை அப்போது கண்காணித்த நிதிச் சேவைகள் அதிகாரசபை அதைக் கண்டித்த பிறகு, முதல் ஒப்பந்தத்தில் இருந்ததற்கு மேல் கட்டியவர்கள் வித்தியாசத்தைக் கேட்டு வாங்கினார்களாம்.

அந்த விதி இங்கே செல்லாது. சரி, ஆனால் ஒப்பந்தம் ஒப்பந்தம்தானே? அந்தப் பக்கத்தின் பிரதியையும் பற்றுச்சீட்டையும் சேர்த்து, தமிழிலேயே முறைப்பாடு எழுதிக் கொடுத்தேன். கூடக் கட்டியது கணக்குக்கு வந்துவிட்டது. வங்கி அசையாவிட்டால் மத்திய வங்கியின் 1935 இலக்கத்துக்கு எடுங்கள். முக்கியமாக, ஈடு மீட்டதைக் காணிப் பதிவகத்தில் பதிந்தாயிற்றா என்றும் பாருங்கள்.