டன் கணக்கில் அடங்காத ஆப்பிள்

உலகில் விளையும் ஆப்பிளில் ஏறத்தாழப் பாதி சீனாவில் விளைகிறது. அதில் மிகப் பெரும்பங்கை அந்நாட்டு மக்களே உண்டுவிடுகிறார்கள். நியூசிலாந்தின் விளைச்சல் அதனோடு ஒப்பிடவே இயலாத அளவுக்குச் சிறியது என்றாலும், அங்கே பறிக்கப்படும் பழங்களில் பெரும்பகுதி கப்பலேறி அந்நியச் செலாவணியாகத் திரும்பி வருகிறது. எனவே ஒரு நாட்டின் பொருளாதாரத்துக்கு ஆப்பிள் எவ்வளவு தருகிறது என்பதை எடையைக் கொண்டு அளந்துவிட முடியாது என்றே நான் கருதுகிறேன்.

முதலில், இது அவசரக்காரர்களுக்கான பயிர் அன்று. ஆப்பிள் விதையை ஊன்றினால் தாய்மரத்தின் பழம் கிடைக்காது என்பதால், ஒவ்வொரு மரத்தையும் ஒட்டுக்கட்டியே உருவாக்க வேண்டியிருக்கிறது. பழைய முறையில் வளரும் பெரிய மரங்கள் காய்க்க ஆறு முதல் எட்டு ஆண்டுகள் வரை ஆகும்; இங்கிலாந்தின் ஈஸ்ட் மாலிங் ஆய்வு நிலையத்திலிருந்து பரவிய எம்.9 போன்ற, மரத்தை உயரமாக வளரவிடாத குட்டை வேர்ச்செடிகளில் ஒட்டிய மரங்கள் இரண்டு மூன்று ஆண்டுகளிலேயே காய்க்கத் தொடங்குகின்றன. ஆனால் அவற்றைத் தாங்கக் கம்பங்களும் கம்பிகளும் சொட்டுநீர்க் குழாய்களும் தேவைப்படுவதால், காத்திருக்கும் காலம் குறைந்த அளவுக்குத் தொடக்கச் செலவு கூடிவிடுகிறது. இதற்கெல்லாம் மேலாக, பல வகைகளுக்குக் குளிர்காலத்தில் 7 டிகிரி செல்சியசுக்குக் கீழே ஏறக்குறைய ஆயிரம் மணி நேரக் குளிர் தேவை. குளிர்காலம் வெப்பமடைந்து இது குறையும்போது மொட்டுகள் சீராக விரிவதில்லை. இருபது ஆண்டுகளை நம்பிப் போட்ட முதலீடு அங்கேயே ஆட்டங்காண்கிறது.

கவாத்து, மகரந்தச் சேர்க்கைக்குத் தேனீப் பெட்டிகளை வைத்தல், பிஞ்சு கலைத்தல், அறுவடை என ஆண்டு முழுவதும் வேலை இருக்கிறது. கடைகளுக்குச் செல்லும் பழங்கள் இன்றும் பெரும்பாலும் கையால்தான் பறிக்கப்படுகின்றன.

ஆனால் உண்மையான இலாபம் தோட்டத்தில் அன்றி, கிடங்கில்தான் பிறக்கிறது. பறித்த பின்னும் ஆப்பிள் உயிருடன் சுவாசித்துக்கொண்டிருக்கிறது. அந்தச் சுவாசத்தை மட்டுப்படுத்தினால் முதுமையையும் தள்ளிப்போடலாம் என்பதைக் கேம்பிரிட்ஜில் பிராங்க்ளின் கிட்டும் சிரில் வெஸ்டும் 1920-களில் ஆய்ந்து காட்டினார்கள். இன்று காற்றுப் புகாத குளிர் அறைகளில் ஆக்சிஜனை இரண்டு மூன்று விழுக்காட்டுக்குக் குறைத்து, சில வகைகளை ஓராண்டு வரைகூடப் பாதுகாக்கிறார்கள். அறுவடை மாதத்தில் சந்தை நிரம்பி விலை சரியும்போது பொறுத்திருக்க வசதியுள்ளவர்களே நல்ல விலையைப் பெறுகிறார்கள். கிடங்கு இல்லாத சிறு விவசாயி அந்த விலைச்சரிவை முழுதாகத் தாங்குகிறார். நல்ல விளைச்சல் வந்த ஆண்டிலேயே அவருக்கு நட்டம் நேர்வதில் வியப்பில்லை. அடிபட்ட பழங்கள் சாறாகவும், சைடர் எனும் புளிக்கவைத்த ஆப்பிள் பானமாகவும் மாறும். ஆனால் சாற்று ஆலை தரும் விலை, பெட்டிப் பழத்தின் விலைக்கு அருகில்கூட வராது.

பெயருக்கும் விலை உண்டு. வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகம் 1997-இல் இரு வகைகளைக் கலப்பினம் செய்து உருவாக்கி, 2019-இல் சந்தைக்கு வந்த காஸ்மிக் கிரிஸ்ப் வகையை, அமெரிக்காவில் முதல் சில ஆண்டுகளுக்கு அந்த மாநில விவசாயிகள் மட்டுமே பயிரிடலாம் என்று உரிமம் வகுக்கப்பட்டது. சிவப்பு நிறத்துக்காகவே தேர்ந்தெடுத்துத் தேர்ந்தெடுத்துச் சுவையை இழந்த ரெட் டெலிசியஸ் வகை சந்தையில் பட்ட அடிக்குப் பிறகு அவர்கள் கற்ற பாடம் இது என்பது என் ஊகம்.

இவ்வளவு இருந்தும் ஓர் அரசாணை போதும், கணக்கு தலைகீழாகிவிடும். ஐரோப்பிய ஒன்றியத்திலேயே மிகுதியாக ஆப்பிள் விளைவிக்கும் போலந்து, தன் ஏற்றுமதியில் பாதிக்கும் மேலாக ரஷ்யாவையே நம்பியிருந்தது. 2014 ஆகஸ்டில் ரஷ்யா இறக்குமதியைத் தடை செய்தபோது, போலந்து மக்கள் தங்கள் ஆப்பிளைத் தாங்களே உண்போம் என்று இயக்கமே நடத்தினார்கள். ஆப்பிள் மரங்களைத் தாக்கும் தீக்கருகல் எனும் பாக்டீரியா நோயைக் காரணம் காட்டி 1921 முதல் நியூசிலாந்து ஆப்பிளுக்கு ஆஸ்திரேலியா மூடிவைத்த கதவோ, 2010-இல் உலக வர்த்தக அமைப்பு தீர்ப்பளித்த பிறகே திறந்தது. அண்டை நாட்டுச் சந்தைக்குள் நுழைய நியூசிலாந்து விவசாயிகள் ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகள் காத்திருந்தார்கள்.