பாத்ரூம்ல தண்ணி படாம பார்த்துக்கணுமாம்

எங்க வீட்டு மொத வேனிட்டியோட, அதான் வாஷ் பேசினுக்குக் கீழ வர்ற அலமாரியோட, ஆயுசு சரியா 14 மாசம். மடிப்பாக்கத்துல இந்த ஃப்ளாட்டுக்கு வந்த புதுசுல பாத்ரூம்ல ஒரு பீடஸ்டல் பேசின் ஒத்தக்கால்ல நின்னுட்டு இருந்துச்சு, சோப்பு வைக்கக்கூட இடமில்ல, ஷாம்பு பாட்டில் எல்லாம் வென்டிலேட்டர் திட்டுல, அத்தையோட சீயக்காய் டப்பா ஃப்ளஷ் டேங்க் மேல. பின்டரெஸ்ட்ல ராத்திரி ராத்திரி பார்த்த படமெல்லாம் மண்டைக்குள்ள ஓட, ஒரு ஷோரூமுக்குப் போய் பளபளன்னு வெள்ளைல ரெண்டு டிராயர், மேல கிண்ணம் மாதிரி டேபிள் டாப் பேசின், அதுக்கு ஏத்த உயரமான டேப்புன்னு ஒரே செட்டா வாங்கி மாட்டிட்டோம். வந்தவங்க எல்லாம் ஹோட்டல் மாதிரி இருக்குன்னாங்க. நானும் விடுவேனா, நாலு போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வச்சேன்.

அடுத்த மழைக்காலம் வந்ததும் கீழ் டிராயரோட ஓரத்துல ஒட்டியிருந்த எட்ஜ் பேண்டு பட்டை லேசா வாயைப் பொளந்துச்சு, அப்புறம் உள்ள இருந்த எம்டிஎஃப், அதாவது மர நாரை அழுத்திச் செஞ்ச பலகை, டீல ஊறின ரஸ்க் மாதிரி உப்பி, டிராயர் மூடவே மாட்டேன்னு அடம் பிடிச்சுது. கடைக்கு போன் பண்ணேன். "பாத்ரூம்ல தண்ணி படாம பார்த்துக்கணும் மேடம்"னாரு. பாத்ரூம்ல. தண்ணி படாம.

கோவம் அடங்கினப்புறம்தான் யோசிச்சேன், தப்பு என் மேலயும் இருக்கு. நான் பார்த்த படத்துல இருக்கறதெல்லாம் காஞ்ச பாத்ரூம், குளிக்கற இடம் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம், பேசின் பக்கம் தரைல மேட் விரிச்சு வச்சிருப்பாங்க. நம்ம வீட்டுல 5க்கு 7 அடி ரூம், நடுவுல பக்கெட், மக்கு, குளிச்சு முடிச்சா நாலு சுவத்துலயும் தண்ணி, வெளிய போய்ட்டு வந்தா கால் கழுவறது அங்கதான், ஞாயித்துக்கிழமை ஆனா பிரஷ் போட்டுத் தேய்ச்சு மொத்தத் தரையையும் தண்ணி ஊத்தித் தள்ளறது வேற.

ரெண்டாவது தடவை எதுவும் வாங்கறதுக்கு முன்னாடி டைல்ஸ் மேஸ்திரி ஒருத்தர் ஒரு வேலை கொடுத்தாரு. "ஒரு வாரம் நீங்க எல்லாரும் குளிச்சதும் சுவத்துல ஈரம் எது வரைக்கும் ஏறியிருக்குன்னு பென்சில்ல கோடு போட்டு வைங்கம்மா, அப்புறம் பேசலாம்"னாரு. எனக்கு சிரிப்பா இருந்துச்சு, ஆனா போட்டேன். பேசினுக்குக் கீழ தரைலேர்ந்து ரெண்டு அடி வரைக்கும் தெனமும் நனையுது, என் பையன் குளிச்ச அன்னிக்கு மூணு அடி. அதாவது நான் 22,000 ரூபா கொடுத்து வாங்கின டிராயர் ரெண்டும் இத்தனை நாளா தெனம் மழைல நின்னுருக்கு.

இனிமே எந்தப் பலகைன்னு அடுத்த ஆராய்ச்சி. பிளைவுட்னு போனா ஐஎஸ் 710 முத்திரை இருக்கற மரைன் பிளைதான் போடணும், லேசான ஈரம் மட்டும் தாங்கற சாதாரண எம்ஆர் கிரேடு பாத்ரூமுக்கு ஆகாது. 710 பிளையை 72 மணி நேரம் கொதிக்கற தண்ணில போட்டு டெஸ்ட் பண்ணுவாங்க, அவ்ளோ நேரத்துக்கும் பசை விடக்கூடாது. ஆனா விடாம இருக்கறது பசை, மரம் மரம்தான், வெட்டின ஓரத்தை லேமினேட்டோ பட்டையோ போட்டு நல்லா மூடலைன்னா அங்கேர்ந்து தண்ணி குடிக்கும், கரையான் கதை தனி. இன்னொண்ணு மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த டபிள்யூபிசி, இல்ல பிவிசி போர்டு, இது ஊறவே ஊறாது, கரையானும் அரிக்காது, ஆனா ஸ்க்ரூ பிடிப்பு பிளை அளவுக்கு இருக்காது, கீல் இருக்கற எடத்துல அடிக்கடி கழட்டி மாட்டினா லூஸ் ஆயிடும், நீளமான தட்டா போட்டா நடுவுல தொங்கிடும்.

ஆசாரி அண்ணன் பிளைன்னாரு, வீட்டுக்காரர் நெட்ல படிச்சுட்டு டபிள்யூபிசின்னாரு. அத்தை மட்டும் ஒரே வார்த்தை, "நம்ம ஊர் அடுப்படில கடப்பா கல்லுதானே, 30 வருஷமா என்ன ஆச்சு அதுக்கு?"

அதான் பண்ணோம். ரெண்டு பக்கமும் கடப்பா கல் நிறுத்தி, நடுவுல கடப்பாலயே ஒரு தட்டு, அதைச் சுவத்துல காடி எடுத்து சொருகியாச்சு, மேல 18 எம்எம் கிரானைட். கதவு மட்டும் டபிள்யூபிசி, அதுவும் தரைலேர்ந்து 10 இன்ச் விட்டுதான் ஆரம்பிக்குது, கீழ தொடப்பம் போட்டு பெருக்கிடலாம். தண்ணில நிக்கறது கல்லு, தப்பித்தவறி கதவு போனாலும் கதவை மட்டும் மாத்திக்கலாம். மொதல்ல தொங்கற மாதிரிதான் ஆசைப்பட்டேன், ஆனா 3 அடிக்கு ஒண்ணரை அடி கிரானைட்டே கிட்டத்தட்ட 20 கிலோ வரும், எங்க சுவரு லைட்வெயிட் பிளாக்குல கட்டினது, சும்மா ஃபாஸ்ட்னர் அடிச்சு தொங்கவிட்டா ஒருநாள் கால்ல விழும்னு மேஸ்திரி சொன்னதும் ஆசை அடங்கிடுச்சு.

உயரம் பத்தி யாருமே பேச மாட்டேங்கறாங்க. பழைய செட்டுல மேடை 32 இன்ச், அதுக்கு மேல கிண்ணம் ஒரு அஞ்சரை இன்ச். அத்தை நாலடி பத்து இன்ச். மூஞ்சி கழுவும்போதெல்லாம் தண்ணி கை வழியா முழங்கைக்கு ஓடி பொடவைல சொட்டும், பாவம் ஒரு வருஷம் ஒண்ணுமே சொல்லாம கிச்சன் சிங்க்ல போய் மூஞ்சி கழுவியிருக்காங்க, எனக்குத் தெரியவே தெரியாது! டேபிள் டாப்பே வேணும்னா மேடையை 27, 28 இன்ச்ல நிறுத்தணும், பேசினோட விளிம்பைத்தான் அளக்கணும். உயரமான டேப்புலேர்ந்து ஆழமில்லாத கிண்ணத்துல தண்ணி விழுந்தா தெறிக்கறதையும் சேர்த்துக்கோங்க, கிண்ணத்தைச் சுத்தி அழுக்கு சேர்ந்தா விரல் நுழையாது. இப்ப கல்லுக்கு அடில பதிக்கற அண்டர் கவுன்டர் பேசின், கிரானைட் மட்டம் 31 இன்ச், மேடைல இருக்கற தண்ணியை கையால வழிச்சு பேசினுக்குள்ளயே தள்ளிடலாம். எவ்ளோ நிம்மதி தெரியுமா.

கல்லுல கறுப்பு எடுக்காதீங்க, எங்க மாதிரி போர் தண்ணியா இருந்தா. ஷோரூம்ல கறுப்பு கிரானைட் கண்ணாடி மாதிரி ஜொலிக்கும், வீட்டுல மூணாவது நாளே உப்புப் பொட்டு பொட்டா வெள்ளையா பூத்துடும், தெனம் தொடைச்சே ஓயணும். நான் சாம்பல்ல புள்ளி புள்ளியா இருக்கறது எடுத்தேன், கறை இருக்கு, தெரியல, போதும். மார்பிள் வேண்டவே வேண்டாம், உப்புக் கறை எடுக்க எலுமிச்சை தேய்ச்சீங்கன்னா கல்லையே தின்னுடும்.

ஸ்டோரேஜ்னு பார்த்தா பேசினுக்குக் கீழ டிராயர் ஏமாத்து வேலை. பாட்டில் ட்ராப் (நாத்தம் மேல வராம தடுக்கற கிண்ணம்), வேஸ்ட் பைப், தண்ணியை அடைக்கற ஆங்கிள் காக் எல்லாம் நடுவுல உட்கார்ந்திருக்கும், அதுக்காக டிராயர்ல யூ மாதிரி வெட்டிடுவாங்க, மிச்சம் ரெண்டு பக்கமும் பேஸ்ட் டப்பா வைக்கற அளவுதான். இப்ப கதவு தொறந்தா ட்ராப்பைச் சுத்தி மூணு பிளாஸ்டிக் கூடை, பெரியவங்க ஒவ்வொருத்தருக்கு ஒண்ணு, அத்தையோட கூடைல சீயக்காய், பயத்தமாவு, ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் நெறைய தேங்காண்ணெய். தெனம் எடுக்கற சாமான் கண்ணாடிக்குப் பின்னாடி இருக்கற 5 இன்ச் ஆழ அலமாரில. டாய்லெட் கழுவற ஆசிட் பாட்டில் மட்டும் உள்ள கிடையாது, பால்கனில. பழைய வேனிட்டில அதை உள்ளதான் வச்சிருந்தேன், மூடி இறுக்கமா இருந்தும் ஆவி கசிஞ்சு டிராயர் ஓடற சேனல் எல்லாம் துரு, துரு பிடிக்காத 304 ஸ்டீலுன்னு காசு வாங்கினாங்க, ஆசிட் ஆவிக்கு 304ம் தாங்காதுன்னு அப்பதான் தெரிஞ்சுது.

அழகு? அதுக்கும் கொஞ்சம் செலவு பண்ணேன், இல்லைன்னா இத்தனையும் எதுக்கு. காரைக்குடி போனப்ப ஆத்தங்குடில கண்ணாடி மேல டைல் வார்க்கறதைப் பார்த்துட்டு ஆறு வாங்கிட்டு வந்தேன், பச்சை மஞ்சள் பூ போட்டது, மடில வச்சுக்கிட்டு பஸ்ல வந்தேன். பேசினுக்கும் கண்ணாடிக்கும் நடுவுல ஒரே வரிசையா ஒட்டியாச்சு. சிமெண்ட் டைல், ஆசிட் ஒரு சொட்டு பட்டாலும் கலர் போயிடும், அதான் வேலைக்கு வர்ற அக்காவுக்கு அங்க மட்டும் வெறும் ஈரத்துணி. கண்ணாடியை டைல் மேல உட்கார வைக்காம கால் இன்ச் மேல தூக்கி மாட்டினோம், கீழ் ஓரத்துல தண்ணி நின்னாத்தான் பின்னாடி பூச்சு அரிச்சு கறுப்பு கறுப்பா வரும். பித்தளை சொம்புல பிரஷ் எல்லாம் வச்சுப் பார்த்தேன், ஒரே வாரத்துல பச்சை, திரும்ப பூஜை ரூமுக்கே போயிடுச்சு. மணி பிளாண்ட் மட்டும் வென்டிலேட்டர் வெளிச்சத்துல நல்லா வருது.

பக்கெட்டை எங்க வைக்கறதுங்கறதுதான் இன்னும் முடிவாகல. வேனிட்டிக்கு அடில விட்ட 10 இன்ச்ல அது நுழையாது, ஸ்டூல்தான் நுழையுது. வீட்டுக்காரர் மடக்கற பக்கெட் ஒண்ணு ஆர்டர் போட்டிருக்காரு, அத்தை அதைப் பார்த்து என்ன சொல்வாங்கன்னு நெனச்சாலே பயமா இருக்கு.